பதிவேட்டில் பென்சில் புள்ளிகள்

எங்கள் வகுப்பாசிரியராகவும் இருந்த வேதியியல் ஆசிரியருக்கு நாங்கள் வைத்த பெயர் சோதனைக்குழாய். அவ்வளவு ஒல்லி, அவ்வளவு நெட்டை. பன்னிரண்டு வருஷம் ஒரு மருந்துக் கம்பெனியின் ஆய்வகத்தில் வேலை பார்த்துவிட்டு, நாற்பது தாண்டிய பிறகு வாத்தியாராக வந்தவர். எங்களையும் பாட்டிலில் இருக்கும் மருந்தைப் போலத்தான் உற்றுப் பார்ப்பார்.

வருகைப் பதிவேட்டை அலுவலகத்துக்குக் கொண்டுபோவது என் பக்கத்தில் உட்காரும் வாயாடியின் வேலை. ஒருநாள் வழியில் அதைத் திறந்து பார்த்துவிட்டு மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

“அடியே, நம்ம பேருக்கு நேரா பென்சில்ல புள்ளி புள்ளியா வெச்சிருக்காருடி. எனக்குப் பத்தொம்பது!”

“எனக்கு?”

“ரெண்டு. நீ தப்பிச்சே.”

வாயாடி வேதியியலில் முப்பது மதிப்பெண்ணைத் தாண்டியதே இல்லை. அவளுக்குப் பத்தொன்பது என்றால் அது நல்லதுக்கு வைத்த புள்ளியாக இருக்குமா? மறுநாள் கவனித்தோம். யாரிடமாவது பேசி முடித்ததும் அவர் குனிந்து பதிவேட்டில் ஏதோ வைக்கிறார்.

போன வருஷம் இதே பள்ளியில் என் அக்காவைப் பொதுத்தேர்வுக்கு அனுப்பவில்லை. தேற மாட்டாள் என்று யாரோ எழுதிக் கொடுத்த பட்டியலில் அவள் பெயர் இருந்தது. இப்போது துணிக்கடையில் நாள் முழுக்க நிற்கிறாள். இந்த வருஷத்துப் பட்டியல் இப்படித்தான் தயாராகிறது என்று எனக்குத் தோன்றிவிட்டது.

வகுப்பே வாயை மூடிக்கொண்டது. அவர் கேள்வி கேட்டால் நாற்பத்தொரு தலைகளும் குனிந்தன. எனக்கு மோல் கணக்கு ஒரு வரி புரியவில்லை. கேட்கவில்லை.

அவருக்கும் எங்கள்மேல் சந்தேகம் வந்துவிட்டது. உட்காரும் முன் நாற்காலியைத் தடவிப் பார்த்தார். “என்கிட்ட பேசக் கூடாதுன்னு அந்தப் பசங்களுக்கு யாராவது சொல்லிக் குடுத்தாங்களா?” என்று இயற்பியல் டீச்சரிடம் அவர் கேட்டதை வாயாடி காதால் கேட்டாள்.

ஒருநாள் கடைசி மணி அடித்ததும், “நீ மட்டும் இரும்மா” என்றார்.

“மூணு வாரமா ரெண்டு புள்ளியோடயே நிக்கிறியே, ஏன்?”

“நான் எந்தத் தப்பும் பண்ணல சார். எங்கக்காவை நிறுத்தின மாதிரி என்னையும் நிறுத்திடாதீங்க.”

அவர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

“தப்புக்கா புள்ளி வைப்பாங்க? நான் வாத்தியாரா வந்த முதல் வருஷம் ஒரு பொண்ணு டி.சி. வாங்க வந்தா. ‘போயிட்டு வரேன் சார்’னு சொன்னா. யாரும்மா நீன்னு கேட்டுட்டேன். வருஷம் பூரா மூணாவது வரிசையில இருந்தவ. அவ மூஞ்சி போன போக்கு இன்னும் கண்ணுல நிக்குது. அதுலேருந்து, பேசினவங்களுக்கு ஒரு புள்ளி. யாருக்குக் கம்மியோ, அவங்கள நான் தேடணும். நீங்கல்லாம் சேர்ந்து என்னைத் துரத்தப் பாக்கறீங்கன்னு நெனச்சேன்.”

கதை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அக்காவிடமும் நன்றாகத்தான் பேசினார்கள்.

“தேர்வுக்குப் பேர் குடுத்துட்டீங்களா சார்?”

“போன வாரமே.”

“காட்டுங்க.”

கேட்ட பிறகுதான் பயம் வந்தது. அவர் சட்டைப் பையிலிருந்து மடித்த நகலை எடுத்து நீட்டினார். விரல் வைத்து நாற்பத்தொரு பெயரையும் படித்தேன். என்னுடையது இருபத்தாறாவது. மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். அவர் அவசரப்படுத்தவில்லை.

“இப்ப நம்புறியா?”

“பாதி நம்புறேன் சார்.”

சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நான் நோட்டைத் திறந்து மோல் கணக்கைக் காட்டினேன்.

மறுநாள் நான் சொல்வதற்குள் வாயாடி பதிவேட்டோடு வந்துவிட்டாள். “மூணாயிடுச்சுடி உனக்கு! என்னடி பண்ணித் தொலைச்சே?”

எல்லாவற்றையும் சொன்னேன். நம்பவில்லை. “பட்டியலை உன் கண்ணால பாத்தியா? என் பேரு இருந்துச்சா?”

“கடைசியிலேருந்து ரெண்டாவது.”

வேதியியல் வகுப்பில் அவர் கேள்வி கேட்டார். வாயாடி கையைத் தூக்கினாள். “சார், பதில் தெரியாது. ஆனா அந்தப் பேப்பரை நானும் ஒரு தடவை பாக்கணும்.”

அவர் பென்சிலை எடுத்தார்.