பன்றிக் காவலர் யோஸ்ட்

புதுமாப்பிள்ளையை, அவிழ்ந்து திரியும் பன்றிகளைப் பிடிக்கும் பன்றிக் காவலனாகத் தேர்ந்தெடுப்பது எங்கள் ஊர்க் கூட்டத்தின் கேலி வழக்கம். ஜெர்மனியிலிருந்து கப்பலேறி வந்து, அப்போதுதான் கல்யாணம் முடித்திருந்த தச்சர் யோஸ்ட் வீகலுக்கு அது தெரியாது. பெயரைக் கூப்பிட்டதும் தொப்பியைக் கழற்றிவிட்டு எழுந்தார்.

"பொறந்த ஊர்ல என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்ல. நீங்க நம்பிப் பொறுப்பே குடுத்திருக்கீங்க."

சிரிக்கக் காத்திருந்த கூடம் அடங்கிப்போனது.

மறுநாளே தோட்டம் மேய்ந்த பன்றிகளைப் பிடித்து அடைத்தார். நீதிபதியின் பன்றியையும் விடவில்லை. அதற்காகவே பின்னாளில் அவரை மாகாணத் தலைநகர் ஹாலிஃபாக்ஸின் சட்டசபைக்கு அனுப்பினோம்.

வழியனுப்பும்போது சாராயக்கடை டங்கன் கேட்டார்: "ஏய்யா, அன்னிக்குக் கிண்டலுக்குத்தான் ஓட்டுப் போட்டோம், தெரியுமா?"

"மொதப் பன்னி என்னைச் சேத்துல தள்ளுனப்பவே தெரிஞ்சுபோச்சு," என்றார் யோஸ்ட். "ஆனா ஓட்டு நெசந்தானே? இப்பவும் நன்றிதான்யா."