அப்பா போட்ட கார்டு

எங்கள் வீட்டில் எது கெட்டுப்போனாலும் அப்பா முதலில் சந்தேகப்படுவது அதன் போர்டைத்தான். புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் சர்க்யூட் போர்டுகளைப் பரிசோதிக்கிற வேலை அவருக்கு. சோறு குழைந்தால் ரைஸ் குக்கரின் போர்டு சரியில்லை. அம்மாவுக்குத் தலை வலித்தால்கூட, "உள்ள போர்டுல ஏதோ லூசாயிருக்கு" என்று நெற்றியைத் தட்டிப் பார்ப்பார். அம்மா அந்தக் கையைத் தள்ளிவிடுவாள்.

அப்போது நான் ஆரம்பப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் முடித்துவிட்டு, எங்கள் ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டின் கூடத்து மூலையில் கம்ப்யூட்டரே கதியென்று கிடந்தான். துப்பாக்கி விளையாட்டில் கெட்டிக்காரன். சம்பளம் கொடுத்து ஆட்டக்காரர்களை வைத்திருக்கும் கோலாலம்பூர் அணி ஒன்று, வீட்டிலிருந்தே ஆடிக் காட்டச் சொல்லி அவனைத் தேர்வுக்குக் கூப்பிட்டிருந்தது. தேறினால் கோலாலம்பூர். இல்லையென்றால் அப்பாவோடு பெக்டரி பஸ். வீட்டில் இதே பேச்சுதான்.

அண்ணன் ஒன்றே ஒன்று கேட்டான். "புது மானிட்டர் வேணும்பா. இது ஸ்லோ. மத்தவனுங்க ஸ்கிரீன் எல்லாம் செகண்டுக்கு நூத்தி நாப்பத்தி நாலு தடவ மாறும்."

அப்பா சிரித்துவிட்டார். "ஸ்கிரீன் சும்மா கண்ணாடிலா. படத்த அனுப்புறது உள்ள இருக்கிற கார்டு. கார்டு ஸ்பீடா அனுப்புனா கண்ணாடி காட்டாம எங்க போவும்?"

ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஓவர்டைம் செய்து, ஒருநாள் புது கிராஃபிக்ஸ் கார்டோடு வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து பச்சைப் பிள்ளையைத் தூக்கி வருகிறவர் மாதிரி பெட்டியை நெஞ்சோடு அணைத்திருந்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்து, கம்ப்யூட்டரின் இரும்புக் கூட்டைத் தொட்டு உடம்பிலிருந்த மின்சாரத்தை இறக்கிவிட்டு, அவரே பொருத்தினார்.

வினாடிக்கு எத்தனை படம் தயாராகிறது என்பதை விளையாட்டின் மூலையில் ஓர் எண் காட்டும். எண்பதில் தள்ளாடிக்கொண்டிருந்த அது இருநூறைத் தாண்டியது.

"பாத்தியாடா! எப்படி இருக்கு?"

"செம்ம ஸ்மூத்பா."

அப்பா குளிக்கப் போனதும் அண்ணன் கம்ப்யூட்டரில் திரையின் செட்டிங்ஸைத் திறந்தான். வேகத்துக்கான இடத்தில் அறுபது என்று மட்டும் இருந்தது. கார்டு இருநூறு படம் அனுப்பினாலும் அந்தத் திரை வினாடிக்கு அறுபது முறைதான் மாறும். மிச்சமெல்லாம் கண்ணுக்கு வராமலே போய்விடும்.

"ஏண்ணே இன்னும் அறுபதுலயே நிக்குது?"

"அது அப்படித்தான் பாப்பா. அப்பாகிட்ட சொல்லாத."

அம்மா போர்டையும் நம்பவில்லை, கண்ணாடியையும் நம்பவில்லை. தண்ணீர்மலை முருகனுக்குப் பால்குடம் நேர்ந்துகொண்டாள்.

தேர்வன்று அப்பா லீவு போட்டுவிட்டு, சாப்பாட்டு மேசை நாற்காலியை இழுத்துப்போட்டு அண்ணனுக்குப் பின்னால் உட்கார்ந்தார். சுவரோரத்தில் எதிராளி தலை நீட்டுவான். அண்ணன் பார்ப்பதற்குள் அண்ணனின் ஆள் விழுந்து கிடப்பான். திரும்பத் திரும்ப அதேதான். ஒவ்வொரு முறையும் அப்பா மூலையிலிருந்த எண்ணைப் பார்த்துக் கத்தினார். "இருநூறு இருக்குடா, சுடு!"

சாயங்காலம் செய்தி வந்தது. எடுக்கவில்லை.

அப்பா திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. அண்ணன் தோளில் கை வைத்து, "நல்ல கார்டாத்தான் போட்டுக் குடுத்தேன். மெஷின்ல கொற இல்ல. ஒனக்கு இது வராதுடா தம்பி. ஏத்துக்கோலா" என்றார்.

அண்ணன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். திரையைத் திருப்பி அந்த அறுபதைக் காட்டியிருக்கலாம். அவன் தோளில் இருந்த கையைப் பார்த்தான்.

"ஆமாப்பா. எனக்குக் கை ஸ்லோ."

அடுத்த வாரமே பெக்டரி பஸ்ஸில் ஏறினான். இன்னும் அதில்தான் போய்வருகிறான். அப்பாவின் மனம் நோகாமல் இருக்கச் சொன்ன பொய் அது என்று எனக்கு விளங்கவே பல வருடம் ஆனது. அதற்குள் அண்ணன் அதை நம்பத் தொடங்கிவிட்டான். இன்று அவன் மகன் விளையாடக் கூப்பிட்டாலும், "அப்பாவுக்குக் கை ஸ்லோடா" என்று விலகிக்கொள்கிறான். முகத்தில் சிரிப்புகூட இல்லை.

தேர்வின் செய்தி வந்த அன்றிரவு எனக்கு ஒரே சந்தோஷம். அண்ணன் எங்கேயும் போகப்போவதில்லை. மறுசோறு வாங்கிச் சாப்பிட்டேன். எதிரே அவன் கை பிசைந்த சோற்றின்மேல் அப்படியே கிடந்தது. அண்ணன் சொன்னது சரிதான், அவனுக்குக் கை மெதுவுதான் என்று நினைத்துக்கொண்டேன்.