பால் நிறைந்த மனத்தாங்கல்

எங்கள் மொழியில் நுரையீரலுக்கும் மனத்தாங்கலுக்கும் ஒரே சொல்தான்: ஒப்கோ. ஆண்டவன் மனிதனைப் படைக்கும்போது இடம் போதாமல் இரண்டையும் ஒரே கூட்டுக்குள் திணித்துவிட்டான் போலும். எங்கள் ஊர் உல்கான் இரண்டிலும் கெட்டிக்காரி. ஆட்டு நுரையீரலின் குழாயில் புனலைச் செருகி, வெண்ணெய் உருக்கிச் சேர்த்த பாலை ஊற்றி, கையால் நீவி நீவி நிறைப்பாள். துவண்டு கிடந்தது கன்றுக்குட்டி அளவுக்கு உப்பும். குழாயைக் கட்டி வேகவைத்து அரிந்தால் பால்கட்டி போலத் துண்டு விழும். ஒருமுறை அவள் நிறைத்த நுரையீரல் தானே எழுந்து புல் மேயப் போனது என்பார்கள். அதை நான் பார்க்கவில்லை. வாசல்வரை போனதைத்தான் பார்த்தேன்.

ஆற்றுக்கு இந்தப் பக்கம் எங்கள் சோங்-தாஷ், அந்தப் பக்கம் கெங்-சூ. எங்கள் ஊராட்சி மன்றத்தில் உல்கான் ஒருத்திதான் பெண். கணவனை இழந்தவள், நாக்கை இழக்காதவள். ஆனாலும் கூட்டம் தொடங்கியதும் ஆண்கள் தேநீர்க் கெண்டியை அவள் பக்கம் நகர்த்திவிடுவார்கள். ஊராட்சித் தலைவர் முகாஷ், அவளுடைய கொழுந்தன். நல்லவர், பஞ்சு மாதிரி.

அந்த ஆண்டு மேலிடத்திலிருந்து ஒரு சேதி வந்தது. சின்ன ஊராட்சிகளை ஒன்றாகச் சேர்க்கப் போகிறார்களாம். எங்கள் ஊராட்சி அலுவலகத்துக்குப் பூட்டு; இனி எல்லாக் காரியத்துக்கும் கெங்-சூ போக வேண்டும். வசந்தத்தில் ஆறு பெருகினால் கெங்-சூவுக்குக் கணவாய் சுற்றித்தான் போக முடியும், அதுவும் கழுகால்தான்.

கடை வாசலில் ஊரே கூடிவிட்டது.

"ஜனாதிபதி மலைக்கு அந்தாண்ட. பாராளுமன்றம் டிவிக்குள்ள. மாவட்டத் தலைவர் காருக்குள்ள. சட்டையைப் பிடிச்சுக் கேக்கிற தூரத்துல இருக்கறது நம்ம முகாஷ் ஒருத்தன்தான். அவனும் இல்லன்னா யார் சட்டையைப் பிடிக்கிறது?" என்றார் இடையர் பாயிஷ்.

"கெங்-சூக்காரன் சட்டையை."

"அதை எப்படித் தொடறது? துவைச்சாத்தானே!"

"கட்சிக்காரங்ககிட்டச் சொல்லலாம்ல? தோய்ச்சுபெக் தேர்தலுக்கு நிக்கிறானே."

"எந்தக் கட்சியில? மொதல்ல ஏர்க் கட்சி, அப்புறம் புலரிக் கட்சி, இப்ப பனிச்சிறுத்தைக் கட்சி. தொப்பிதான் மாறுது அண்ணே, தலை அதேதான்."

"ஒவ்வொரு தடவையும் பாலம் தர்றேன்னானே. அப்ப மூணு பாலம் இருக்கணுமே?"

"இருக்கு. கண்ணை மூடிக்கிட்டு ஆத்துல நட, தெரியும்."

கடை வாசலில் இப்படிக் கத்தி போலப் பேசுகிறவர்கள் விருந்தாளியைக் கண்டால் வெண்ணெயாகிவிடுவார்கள். சாப்பிட வந்தவன் முன்னால் குறை சொல்வது எங்களுக்கு வராது. மாவட்டத் தலைவர் நேரில் வந்து மக்கள் கருத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு போக வேண்டும் என்பது விதி. கோடையில் முதல் கூட்டத்துக்கு அவர் வந்தார். ஆடு வெட்டினோம். "ஏதாவது குறை உண்டா?" என்று கேட்டார். பறிபோவது முகாஷின் நாற்காலி. அந்த முகாஷே எழுந்து, "ஆண்டவன் புண்ணியத்துல ஒரு குறையும் இல்லைங்க! இன்னும் கொஞ்சம் இறைச்சி?" என்றார். மக்களுக்கு மனத்தாங்கல் இல்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

மீதி இருந்தது இன்னும் ஒரே கூட்டம். அதிலும் இதையே சொன்னால் பூட்டு விழுந்துவிடும்.

"கொழுந்தனாரே, உங்க நாற்காலியை உருவுறான், நீங்க அவனுக்குத் தொடையை எடுத்து வைக்கிறீங்க" என்றாள் உல்கான்.

"என்ன பண்ணச் சொல்றீங்க மதினி? விருந்தாளி மூஞ்சியப் பார்த்தா வாய் ஒட்டிக்குதே."

"வாய் ஒட்டிக்கிட்டா என்ன? தட்டு பேசும்."

குளிர்காலத்துக்கு வீட்டுக்கு வீடு ஆடு வெட்டும் சமயம் அது. உல்கான் வீடு வீடாகப் போனாள். "மனத்தாங்கல் இருக்கிற வீடு நுரையீரலைக் கொடுங்க. இல்லாத வீடு தானே வச்சுத் தின்னட்டும்" என்றாள். ஒரு வீடும் வைத்துக்கொள்ளவில்லை. முகாஷின் மனைவி வேலிக்கு மேலே இரண்டை நீட்டினாள். "ஒண்ணு அரசாங்கத்துமேல அக்கா. இன்னொண்ணு இவர்மேல."

நுரையீரல் பானைக்குள் அடங்கிக் கிடக்காது, மிதந்து மேலே வரும். ஊரின் மனத்தாங்கல் முழுவதும் சேர்ந்து கொதித்தபோது மூடிகள் ஆடத் தொடங்கின. ஒவ்வொரு மூடிமேலும் ஒரு பிள்ளையை உட்கார வைத்தோம். பிள்ளைகளும் சேர்ந்து ஆடின. ஒரு மூடி பறந்துபோய்க் கெங்-சூவில் விழுந்தது. இன்றுவரை அவர்கள் அதைத் திருப்பித் தரவில்லை.

கூட்டம் பள்ளிக்கூட மண்டபத்தில். மாவட்டத் தலைவர் தெமிர்குல் வந்தார், எழுத்தரோடு. ஓட்டுக் கேட்க வந்த தோய்ச்சுபெக்கும் புதுத் தொப்பியோடு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். முறைப்படி, பெரிய விருந்தாளிக்கு உரிய ஆட்டுத்தலையைத் தெமிர்குல் முன்னால் வைத்தோம். சாப்பிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு, "சரி. ஏதாவது குறை உண்டா?" என்றார்.

முகாஷ் பழக்க தோஷத்தில் எழுந்தார். "ஆண்டவன் புண்ணிய..."

அதற்குள் உல்கான் தட்டோடு உள்ளே வந்துவிட்டாள். "ஐயா, இது எங்க வீட்டு ஒப்கோ."

"நுரையீரலா அம்மா?"

"எப்படி வேணா எடுத்துக்கங்க. சூடா இருக்கு." தட்டை வைத்துவிட்டு அவர் எதிரே நிமிர்ந்து நின்றாள். "என் வீட்டுக்காரர் போனது ஆறு பெருகின சமயம். அன்னிக்குச் சாயங்காலமே என் கொழுந்தன் முத்திரையோட வீட்டுக்கு வந்து இறப்புச் சான்று எழுதிக் கொடுத்தார். அலுவலகம் கெங்-சூவுல இருந்திருந்தா, தண்ணி வடியிற வரைக்கும் செத்தவருக்கு நான் பெண்டாட்டியாவே இருந்திருக்கணும். சாப்பிடுங்க."

தெமிர்குல் ஒரு துண்டை வாயில் போட்டார். விழுங்குவதற்குள் பாயிஷின் மனைவி வந்துவிட்டாள். "இது எங்க ஒப்கோ. பள்ளிக்கூடத்து அடுப்புக்கு நிலக்கரி வரலன்னு இங்க அலுவலகத்துல போய்ச் சொன்னோம், வந்துச்சு. அந்தாண்ட போய் யார்கிட்டச் சொல்றது? சாப்பிடுங்க." அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. அவளுக்குப் பின்னால் வரிசை, மண்டப வாசலைத் தாண்டி, தெருவைத் தாண்டி, பனிக்குள். முகாஷின் மனைவி தோய்ச்சுபெக் முன்னால் தட்டை வைத்தாள்.

"எனக்கு டாக்டர் பால் ஆகாதுன்னு சொல்லியிருக்கார் அக்கா" என்றான் அவன்.

"அப்படியா தம்பி? அப்ப நாங்க சொல்றத முழுசாக் கேளு. எந்தக் கட்சியில இருந்தப்ப சொன்ன பாலத்துல இருந்து ஆரம்பிக்கட்டும்?"

அவன் அவசரமாகத் தட்டை இழுத்துக்கொண்டு தின்னத் தொடங்கினான். தின்றான், தின்றான். கடைசியில் கால்சட்டைப் பொத்தான் தெறித்துச் சுவரிலிருந்த உலகப் படத்தில் போய்ப் பதிந்தது. ஆஸ்திரேலியாவில்.

தெமிர்குல் வயிற்றில் கை வைத்தார். "அம்மா, இனி ஒரு துண்டு இறங்காது."

"விருந்தாளி தட்டைத் தள்ளக் கூடாதுங்க. ஆனா வீட்டுக்காரங்க எடுத்துக்கலாம். நீங்க காதுல வாங்கிக்கங்க, தட்டை நாங்க வாங்கிக்கிறோம்" என்றாள் உல்கான்.

அவர் தலையசைத்தார். அவ்வளவுதான், ஊரின் தொண்டை திறந்துகொண்டது. பெண்கள் பேசினார்கள். பிறகு பாயிஷ் பேசினார். கடைசியில் முகாஷ் எழுந்து, முகம் சிவக்க, "பூட்டக் கூடாதுங்க!" என்று போட்ட கத்தலில் கூரைப்பனி சரிந்து விழுந்தது. அந்த மனிதருக்குள் அப்படி ஒரு குரல் குடியிருந்தது அவர் மனைவிக்கே தெரியாது.

தெமிர்குல் எழுத்தர் பக்கம் திரும்பினார். "மனத்தாங்கல் இல்லைன்னு எழுத முடியுமாய்யா?"

"மூச்சு விடவே முடியலங்க" என்றார் எழுத்தர், இடுப்புப் பட்டையைத் தளர்த்தியபடி.

"அப்ப ஊர் முழுக்க ஒப்கோன்னு எழுது. நான் தின்னு பார்த்துட்டேன், நிஜம்தான். சோங்-தாஷ் அலுவலகம் சோங்-தாஷ்லயே இருக்கணும்னு எழுது. கையெழுத்துப் போடறேன்."

எழுந்த ஆரவாரத்தில் தொப்பிகளெல்லாம் மேலே பறந்தன. எது யாருடையது என்று தெரியாமல் அந்தக் குளிர்காலம் முழுக்க ஊரே அடுத்தவர் தொப்பியில் நடமாடியது.

பனி உருகுமுன் உத்தரவு வந்தது: அலுவலகம் இங்கேயே. அந்த வசந்தத்தில் ஆறு பெருகி, கெங்-சூ கண்ணில் படாமல் போனபோது எங்கள் அலுவலகத்துக் கதவு திறந்திருந்தது. முகாஷின் பதவிக்காலம் முடிந்து, மன்றம் கூடிப் புதிய தலைவரைத் தேர்ந்தெடுத்தபோது முதல் கையைத் தூக்கியவர் முகாஷ்தான். "மதினி உக்காரட்டும். எனக்கு ஒரு தடவை கத்தினதே போதும்" என்றார். ஒரு கைகூடக் கீழே இல்லை.

அன்றைய விருந்தில் ஆட்டுத்தலையை யார் முன் வைப்பது என்று கிழவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதுவரை எங்கள் ஊரில் அது ஆண்கள் முன்னால்தான் போகும். பாயிஷ் தட்டைத் தூக்கி நேராக உல்கான் முன்னால் வைத்தார். அவள் கத்தியை எடுத்தாள், ஆட்டின் காதை அறுத்தாள், வழக்கமாகச் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதுபோல முகாஷிடம் நீட்டினாள்.

"கொழுந்தனாரே, இனிமே நான் பேசுவேன். நீங்க கேளுங்க."