டாக்டர் என்று போட்ட கையெழுத்து

ஆஸ்திரேலியப் பாலைநிலத்தில் டிங்கோ என்ற காட்டுநாயின் பின்னால் அலைந்துதான் நான் முனைவர் பட்டம் வாங்கினேன். அதன் காய்ந்த எச்சத்தை உடைத்து, உள்ளிருக்கும் மயிரையும் எலும்பையும் பிரித்து, என்ன தின்றது என்று எழுதி வைப்பது என் வேலை. டிங்கோ இருக்கும் இடத்தில் நரியும் பூனையும் அடங்கியிருந்தன. அதைச் சுட்டுத் தள்ளிய இடங்களில் அவை பெருகி, தத்தித் திரியும் சின்ன உயிர்களை வழித்துத் தின்றன. கண்ணால் பார்த்தவள் நான்.

கணவரின் வேலைக்காகக் கனடாவில் மொன்ட்ரியால் வந்தபின் அந்தப் படிப்பை யாரும் கேட்கவில்லை. பிரெஞ்சு போதாது என்றார்கள். டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் வேலை கிடைத்தது. மகளுக்குக் கார்டெரி என்ற குழந்தைகள் காப்பகத்தில் இடம் கிடைக்கவில்லை. வில்லரேயில் எங்கள் வீட்டுக்குக் கீழே குடியிருந்த யாழ்ப்பாணத்து அக்காதான் பார்த்துக்கொண்டார். அவர் முடியாது என்றால் என் வேலையும் போய்விடும்.

போன வசந்தத்தில் அவருடைய பூனையைக் கயோட்டி கவ்விக்கொண்டு போனது. நரியைவிடப் பெரிய, ஓநாயைவிடச் சிறிய விலங்கு. பக்கத்துப் பூங்காவில் திரிந்தது. அக்கா சில நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு அதைப் பிடித்து அகற்றச் சொல்லி நகராட்சிக்கு மனு எழுதி, வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினார்.

என்னிடம் வந்தபோது டிங்கோவைப் பற்றிச் சொன்னேன். எலியையும் முயலையும் கட்டுக்குள் வைக்க இங்கே இதுதான் இருக்கிறது, குப்பையை மூடி, பூனையை வீட்டுக்குள் வைத்தால் போதும் என்றேன். குறுக்கிடாமல் கேட்டார்.

"நீங்கள் சொல்லுறது சரியாயிருக்கும் பிள்ளை. ஆனா உங்கட மகளும் என்னோட அந்தப் பார்க்குக்குத்தான் வாறவள். நாளைக்கு ஒண்டு நடந்தா நான் பொறுப்பெடுக்கேலாது."

அது பயமா மிரட்டலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பேனாவை வாங்கினேன்.

"பேருக்கு முன்னாலை டொக்டர் எண்டு போடுங்கோ. மிருகங்களைப் பற்றிப் படிச்ச ஆள் எண்டும் எழுதுங்கோ. அப்பதான் பாப்பினம்."

எழுதினேன். இந்த ஊரில் என் பட்டம் பயன்பட்டது அந்த ஒரு தடவைதான்.

சில வாரம் கழித்து, வேலை முடிந்து வந்தபோது பூங்கா வாசலில் ஒரு வண்டி நின்றது. கூண்டுக்குள் கயோட்டி. பெண். முலைக்காம்புகள் வீங்கியிருந்தன, எங்கோ குட்டிகள் காத்திருக்கின்றன என்று பார்த்ததுமே புரிந்தது. கூண்டைத் தூக்கியவனிடம் என் உடைந்த பிரெஞ்சில் அதைச் சொன்னேன். அவன் 'மெர்ஸி மதாம்' என்று நன்றி சொல்லிக் கதவைச் சாத்தினான்.

அன்று அக்கா புட்டும் மீன்குழம்பும் கொடுத்தனுப்பினார். மூவரும் சாப்பிட்டோம். ஒரு மிருகம்தானே, விடு என்றார் கணவர்.

குட்டிகள் எந்தப் புதரில் இருக்கும் என்று எனக்குத் தேடத் தெரியும். மறுநாள் விடுப்பு எடுத்திருக்கலாம். வேலைக்குப் போனேன்.