கடைசி மேசையின் ஈரம்

தொழிற்சாலையில் அவளை ஈரக்கா என்றார்கள். ஈரமும் அக்காவும் ஒட்டிக்கொண்டு உண்டான பெயர். போர்டுகளில் சிப்புகளைப் பொருத்தும் நீண்ட அறையில், காற்றில் ஈரம் எத்தனை சதவீதம், சூடு எத்தனை டிகிரி என்று ஷிஃப்டுக்கு நான்கு முறை பார்த்து அட்டவணையில் எழுதிக் கையெழுத்துப் போடுவது அவள் வேலை.

முதல் ஏழு வருடம் அவளும் மேசையில் குனிந்து ஈயத்தை உருக்கிச் சால்டர் வைத்தவள்தான். கண் மங்கியபோது வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தாள். அனுப்பவில்லை, அட்டவணையைக் கொடுத்தார்கள். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவளுக்குத் தசமப் புள்ளி மிகவும் பிடித்துப்போயிற்று. நாற்பத்தைந்து என்று எழுதி விட்டுவிடாமல் நாற்பத்தைந்து புள்ளி இரண்டு என்று எழுதும்போது, தான் சொல்வது உண்மை என்று அவளுக்கே ஒரு தைரியம் வந்தது.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவள் சொல்லும் பாடம் ஒன்றுதான். "நம்ம உடம்புல, துணியில, பிளாஸ்டிக்ல எல்லாம் ஸ்டாட்டிக் கரண்டு சேரும். காத்துல ஈரம் இருந்தா அது பாட்டுக்குக் கசிஞ்சு போயிடும். காத்து காஞ்சு கிடந்தா போக வழியில்லாம விரல் நுனியில வந்து உக்காந்துக்கும். சிப்பைத் தொட்டதும் குதிச்சு அதைக் கொன்னுடும். உங்களுக்குத் தெரியாது, சிப்புக்குத் தெரியும். அதனால நாப்பதுக்குக் கீழ போகக் கூடாது."

"அறுபதுக்கு மேல போனா?" என்று யாராவது கேட்பார்கள்.

"போர்டு துருப்பிடிக்கும். எனக்கும் திட்டு விழும்."

ஈரம் குறையாமல் இருக்கக் கதவோரம் ஓர் இயந்திரம் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. தண்ணீர்க் குழாய் அங்கேதான் இருந்தது. நிமிடத்துக்கு ஒருமுறை அது புஸ்ஸென்று மூச்சு விடும். அதற்குப் பெருமூச்சு என்று பெயர் வைத்திருந்தார்கள். ஈரத்தையும் சூட்டையும் காட்டும் மீட்டரும் கதவோரம்தான் தொங்கியது. போர்டு வாங்குகிற கம்பெனிக்காரர்கள் பார்வையிட வந்தால் உள்ளே நுழைந்ததும் கண்ணில் படவேண்டும் என்று ஆணி அடித்த இடம் அது.

அந்த வருடம் குளிர் சீக்கிரமே வந்துவிட்டது. அறையின் மறுகோடியில், கடைசி மேசையில் அவள் நாத்தனார் உட்கார்ந்திருந்தாள். கணவனின் தங்கை. புருஷன் விட்டுவிட்டுப் போனபின் மகளோடு அண்ணன் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் படுத்தவள், ஈரக்கா வாங்கிக்கொடுத்த இந்த வேலையால் இரண்டு தெரு தள்ளித் தனி அறை எடுத்திருந்தாள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

அவள் செய்த போர்டுகள் சாக ஆரம்பித்தன.

சோதனைக்காரர் நூறு போர்டுக்கு மின்சாரம் கொடுத்துப் பார்த்தால் மற்ற மேசைகளில் ஒன்று போயிருக்கும். கடைசி மேசையில் ஒன்பது. உடை மாற்றும் இடத்தில் நாத்தனார் கம்பளிச் சட்டையைத் தலை வழியாகக் கழற்றியபோது படபடவென்று பொறி பறந்ததை இரண்டு பேர் பார்த்தார்கள். அன்றோடு அவள் பெயர் கரண்ட் கை ஆகிவிட்டது.

"சில பேருக்குப் பிறவியிலயே உடம்புல கரண்டு ஓடும்," என்றார் சோதனைக்காரர். "தள்ளி நில்லும்மா, என் மெஷின் நல்லா இருக்கணும்."

ஈரக்கா நாத்தனாரின் கைப்பட்டையைச் சோதித்தாள். உடம்பில் சேரும் ஸ்டாட்டிக்கை எர்த் கம்பி வழியாகத் தரைக்கு இறக்கும் பட்டை அது. காலையில் பச்சை விளக்கு. மதியம் தோல் உலர்ந்து சிவப்பு வந்தது, களிம்பு தடவினாள், பச்சை. மேசை விரிப்பின் எர்த் கம்பியை இழுத்துப் பார்த்தாள். செருப்பைப் பார்த்தாள். எல்லாம் சரி.

"வீட்ல என்ன சோப்பு போடற?"

"ஏன் அண்ணி, அதையும் அட்டவணையில எழுதப்போறீங்களா?"

"விளையாடாத."

"விளையாடல. எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. நேத்து பொண்ணு தலையைத் தொட்டேன், அவளுக்குச் சுரீர்னு அடிச்சுது. அம்மா தொடாதேங்கறா."

மேற்பார்வையாளர் கெட்டவரல்ல. அதனாலேயே அவர் சொன்னது கனமாக விழுந்தது. "அறை சரியா இருக்கு, பட்டை சரியா இருக்கு. அப்ப ஆள்தான். வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்கறேன். அப்புறம் அனுப்பறதைத் தவிர வழியில்ல."

முதல் மேசைக்காரியோடு ஒருநாள் இடம் மாற்றிப் பார்க்கலாம் என்றாள் ஈரக்கா. முதல் மேசைக்காரி எழுந்திருக்கவே இல்லை. "நான் மாட்டேம்மா. அந்த நாற்காலியில உக்காந்தா எனக்கும் ஒட்டிக்கும்."

அதனால் புதன்கிழமை காலை, நாத்தனாரைப் பொருள் எடுத்துவர அனுப்பிவிட்டு, ஈரக்காவே கடைசி மேசையில் உட்கார்ந்தாள். அரைமணி நேரத்தில் உதடு இழுத்தது. கண் உறுத்தியது. சிப்பு வந்த பிளாஸ்டிக் தட்டை நகர்த்தினாள். முன்கை மயிர் எழுந்து நின்றது. லேபிளின் அடிக்காகிதத்தை உரித்துக் கீழே போட்டாள். அது விழாமல் அவள் சட்டைக் கையில் வந்து அப்பிக்கொண்டது. உதறினாள். மறு கைக்குத் தாவிற்று. அவளுக்குத்தான் கரண்ட் கை இல்லையே.

காலுக்கு வெதுவெதுப்பாக இருந்தது. மேசைக்கு அடியில் ஒரு சின்ன ஹீட்டர், பிளாஸ்டிக் தட்டுகளைப் பார்த்துச் சூடான காற்றை ஊதிக்கொண்டிருந்தது.

அது அங்கே எப்படி வந்தது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஒன்பது வாரத்துக்கு முன் ஸ்டோரிலிருந்து துணியில் சுற்றி எடுத்துவந்து வைத்தவளே அவள்தான். நாத்தனாருக்கு விரல் விறைத்துப்போகிறது என்று வைத்தாள். மற்ற மேசைகளுக்கு வைக்கவில்லை.

எழுந்து போய் மீட்டரை ஆணியிலிருந்து கழற்றினாள். நாற்பத்தாறு புள்ளி ஒன்று, இருபத்தொரு டிகிரி. கொண்டுவந்து கடைசி மேசையில் வைத்துவிட்டு நின்றாள். எண் இறங்க ஆரம்பித்தது. முப்பத்தெட்டு. முப்பத்தொன்று. பத்து நிமிடம் கழித்து இருபத்திரண்டு புள்ளி ஆறில் நின்றது. சூடு இருபத்தொன்பது.

பெருமூச்சின் ஆவி இவ்வளவு தூரம் சரியாக வருவதில்லை. வருகிற கொஞ்சத்தையும் ஹீட்டர் சூடாக்கிவிடுகிறது. காற்று சூடானால் அதற்கு வயிறு பெரிதாகிவிடும், இருக்கிற தண்ணீர் அரைவயிற்றுக்குக்கூடக் காணாது. இதை அவள் எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

மேற்பார்வையாளரிடம் போய் மறைக்காமல் சொன்னாள்.

"சரி, ஹீட்டரை எடுத்துடு. முடிஞ்சுது," என்றார் அவர்.

"அட்டவணை?"

"அதுக்கென்ன? மீட்டர் காட்டினதைத்தானே எழுதின? பொய்யா எழுதின?"

"பொய் இல்ல சார். ஆனா ஒன்பது வாரமா நான் எழுதினது கதவோட ஈரம். ரூமோட ஈரம் இல்ல."

"வாங்கறவங்க அதைப் பார்த்துத்தான் சரக்கு எடுத்திருக்காங்க. இப்பப் போய்க் கிளறாத."

"அப்ப அவ பேர்ல இருக்கற செத்த போர்டெல்லாம்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவ பேர்லதான் இருக்கும். காத்துதான் காரணம்னு நான் மேல எழுதணும்னா, அட்டவணை அப்படிச் சொல்லணும். அது நாப்பத்தாறுங்குது. காத்து சரின்னா கை தப்பு. உன் கையெழுத்துதான் அப்படிச் சொல்லுது, நான் இல்ல."

ஈரக்கா தசமப் புள்ளி வரைக்கும் சரியாக எழுதிய எண்கள் ஒன்பது வாரமாக நாத்தனாருக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தன.

"அந்த அட்டவணைக் கட்டைக் குடுங்க."

"குடுத்தா அட்டவணை இனிமே உன் கையில இருக்காது. ஸ்டோர்லேருந்து கேக்காம எடுத்ததும் சேர்ந்து வரும்."

"தெரியும் சார்."

ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து தாள் தாளாகப் புரட்டினாள். பழைய எண் எதையும் அடிக்கவில்லை. ஒவ்வொரு தாளின் அடியிலும் ஒரே வரி எழுதினாள்: 'கதவருகே அளந்தது. கடைசி மேசையில் அளக்கவில்லை. அங்கே ஹீட்டர் வைத்தது நான்.' ஒவ்வொன்றின் கீழும் கையெழுத்து. சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் முடிந்தது. இருபத்திரண்டு புள்ளி ஆறைக் கடைசித் தாளில் தனியாக, பெரிதாக எழுதினாள்.

மறுநாள் ஹீட்டரை எடுத்தார்கள். பெருமூச்சை, நீளக் குழாய் போட்டு அறையின் நடுவுக்குத் தள்ளினார்கள். கடைசி மேசைக்கு மேலே இன்னொரு மீட்டர் வந்தது. வெள்ளிக்கிழமைச் சோதனையில் நாத்தனாரின் நூற்றில் ஒன்றுதான் போயிருந்தது. சோதனைக்காரர் இரண்டு தடவை பார்த்துவிட்டு, "இன்னிக்கு உடம்புக்கு ஏதாவது சரியில்லையாம்மா?" என்றார்.

நாத்தனாரை அனுப்பவில்லை. ஈரக்காவைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். அட்டவணை சோதனைக்காரரிடம் போயிற்று. அவர் புள்ளிக்குப் பின்னால் ஒன்றும் எழுதுவதில்லை.

அடுத்த வாரம் மதியம் நாத்தனார் பேக்கிங் அறைக்கு வந்தாள். ஈரக்கா போர்டுகளை வெள்ளிநிறப் பைகளில் போட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். நாத்தனார் ஒரு பையை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்தாள்.

"ஹீட்டரை வைக்கறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் அண்ணி."

"குளிருதுன்னு நீதானே சொன்ன?"

"குளிருதுன்னுதான் சொன்னேன். ஹீட்டர் வைங்கன்னு சொல்லல."

ஈரக்கா அடுத்த பையை எடுத்து ஒட்டினாள். மணி அடித்தது. நாத்தனார் விறைத்த இரண்டு கைகளையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு தன் மேசைக்குப் போனாள்.