யன்னலோரம் ஒரு பிளாஸ்டிக் கப்

இத்தாலியில் சீசா என்ற பகுதியில் இருக்கும் எங்கள் தமிழ்ச் சங்க மண்டபத்துக்கு ஆறு கறுப்பினப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். கோடை விடுமுறையில் தெருச் சிறுவர்களுக்குப் பந்து பழக்குவது அவர்கள் திட்டம். அதற்கு நகரசபைக்கு அனுப்பும் விண்ணப்பத்தில் பாதியை நான் எழுதிக் கொடுத்தேன்; மிச்சத்துக்கு நாளைக்கும் வரச் சொன்னேன். பிறகு தேநீருக்குக் கிளாசுகளை எடுத்தேன்.

"அக்கா, அது எங்கடை ஆக்களுக்கு. அவைக்கு இதிலை குடுங்கோ," என்று சங்கச் செயலாளர் பிளாஸ்டிக் கப்புகளை நீட்டினார்.

ஊற்றியதும் விரல் சுட்டது. ஜாம் போத்தலும் இப்படித்தான் சுடும்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளி விடுமுறையில் ஊரில் கரப்பந்துத் திடல் போட்டார்கள். திட்டம் என்னைப் பெற்ற ஐயாவுடையது. மண் வெட்டியது, குறைந்த சாதி என்று அவர் ஒதுக்கிய அடுத்த தெருப் பெடியள். எங்களுக்குப் பித்தளை மூக்குப்பேணியிலும் அவர்களுக்கு ஜாம் போத்தலிலும் தேநீர். கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். குடித்ததும் அவர்களே போத்தலைக் கழுவி, வேலிக் கதியால் தடிகளில் கவிழ்த்துவிட்டுப் போவார்கள். திடல் முடிந்த பிறகு அவர்களை யாரும் விளையாடக் கூப்பிடவில்லை.

பிள்ளைகளுக்குச் செயலாளர் நீட்டிய அந்தக் கப்பிலேயே கொடுத்தேன். நான் கிளாசில் குடித்தேன்.

புறப்படும்போது மூத்தவன் லாமின் தன் கப்பைக் கழுவி யன்னலோரம் கவிழ்த்தான்.

"அதை எறியலாம்," என்றேன் இத்தாலியனில்.

"இருக்கட்டும், சிஞ்ஞோரா. நாளைக்கும் இதில்தானே தருவீர்கள்?"