அம்மாவின் இரண்டாவது பதக்கம்

1. வீட்டின் பின்புறப் பதுங்குகுழிக்குள் ஒளிந்திருந்த அண்ணாவை இயக்கத்தார் இழுத்துக்கொண்டு போனார்கள்.
2. சில வாரங்களில் அம்மாவை மேடையேற்றி, பிள்ளையை மண்ணுக்குத் தந்த தாய் என்று அறிவித்துக் கழுத்தில் பதக்கம் போட்டார்கள்.
3. அந்தப் படம் பள்ளிக்கூடச் சுவர்களில் ஒட்டப்பட்டது.
4. போர் முடிந்தது. அண்ணா திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை.
5. கடந்த கார்த்திகையில், லண்டனில், அம்மாவுக்கு இன்னொரு பதக்கம் கொடுத்தார்கள்.

விமான நிலையத்தில் பயணப்பொதிகளை நகர்த்தும் பட்டைகளைப் பராமரிப்பது என் வேலை. பட்டை நின்றால், காரணத்தை யோசிக்க முன் நடந்ததை வரிசையாக எழுதவேண்டும். இதையும் எனக்கு அப்படித்தான் தொடங்க முடிந்தது.

வீட்டுக்கு ஒருவர் போராட இயக்கத்துக்குப் போகவேண்டும் என்பது போர்க்காலத்தில் எங்கள் ஊரில் சட்டம். எதிர்த்துக் கேட்க ஓர் இடமும் இருக்கவில்லை. ஊரெல்லாம் பிள்ளைகளை ஒளித்து வைத்திருந்த நேரத்தில், இயக்கத்துக்கு ஒரு தாயின் முகம் தேவைப்பட்டது. மேடையில் அழக்கூடாது என்று அம்மாவுக்கு முதலிலேயே சொல்லியிருந்தார்கள். அவர் அழவில்லை. அதனால் படத்தில் பெருமையோடு நிற்பவர் போலத் தெரிகிறார். பிறகு ஒரு நாள் கிணற்றடியில் அயல்வீட்டுப் பெண் தன் மகளைப் பற்றிச் சொன்னார்:

"உன்ர படத்தைக் காட்டித்தான் என்ர பெட்டையையும் கேட்டவை."

அம்மா வெறும் வாளியோடு வீட்டுக்கு வந்தார். இடம்பெயர்ந்த வழியில் அந்தப் பதக்கம் தொலைந்தது. நாங்கள் தேடவில்லை.

இங்கே லண்டனில், போரில் இறந்த போராளிகளுக்கான நினைவுநாள் விழாவை நடத்துபவரை நாங்கள் அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் அகதி வழக்கு நடந்த காலத்தில் குரோய்டனில் இருக்கும் குடிவரவு அலுவலகத்துக்கு ஒவ்வொரு முறையும் தன் காரில் ஏற்றிக்கொண்டு போனவர். போரின் கடைசி ஆண்டுகளை லண்டனில் இருந்தபடி தொலைக்காட்சியில் பார்த்தவர். அந்தப் பழைய படம் எப்படியோ அவருக்குக் கிடைத்திருந்தது. அதை அழைப்பிதழில் போட்டு, மகிழ்ச்சியோடு அம்மாவிடம் காட்டினார். போகவேண்டாம் என்று நான் சொன்னேன்.

"எங்களுக்காக அலைஞ்ச பிள்ளை. ஏலாது எண்டு எப்பிடிச் சொல்லுறது?" என்றார் அம்மா.

இல்ஃபோர்ட்டில் ஒரு மண்டபம். அம்மா குனிந்து பதக்கத்தை வாங்கிக்கொண்டார். முகம் அந்தப் படத்தில் இருந்தது போலவே இருந்தது. பிறகு மேடையின் திரையை விலக்கினார்கள். மாலை போட்ட அண்ணாவின் படம், அதன்முன் ஒரு குத்துவிளக்கு. எங்களிடம் இதைப்பற்றி யாரும் சொல்லியிருக்கவில்லை. அவர்களுக்கு அது எல்லாத் தாய்மாருக்கும் செய்கிற மரியாதை. எங்கள் வீட்டில் அண்ணாவின் படத்துக்கு ஒருநாளும் மாலை போட்டதில்லை. காணாமற்போன மகனைத் தேடித்தரும்படி அம்மா இன்றும் மனு எழுதுகிறார். அந்த விளக்கை ஏற்றினால் மகன் செத்துவிட்டான் என்று அவரே சொன்னதாகிவிடும்.

விளக்கேற்ற நீட்டிய தீக்குச்சியை அம்மா வாங்கவில்லை. அண்ணை மெதுவாகக் கிட்டப் போனார்.

"ஏலாட்டி நான் கொளுத்திவிடுறன், அன்ரி."

அம்மா திரியின்மேல் உள்ளங்கையை வைத்து மூடினார்.

"தொடாதேங்கோ, தம்பி. நான் அவனைக் குடுக்கேல்லை. பிடிச்சுக்கொண்டு போனவை. செத்தவன் எண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?"

ஒலிவாங்கி பக்கத்தில் இருந்ததால் மண்டபம் முழுக்கக் கேட்டது. பின்வரிசையில் யாரோ துரோகம் என்றார்கள். முன்வரிசையில் பதக்கத்தோடு இருந்த தாய்மாரில் ஒருவர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அவருக்குக் கோபமா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. நான் மேடையேறி அம்மாவின் கையைப் பிடித்து இறக்கிக்கொண்டு வந்தேன்.

அண்ணைதான் எங்களை ஹவுன்ஸ்லோவில் உள்ள எங்கள் வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்து விட்டார். வாசலில் அவர், "எல்லாரும் விரும்பித்தான் குடுத்தவை எண்டு நினைச்சன், அன்ரி," என்றார். அம்மா பதக்கத்தைக் கழற்றி முன் இருக்கையில் வைத்துவிட்டு இறங்கினார்.

அண்ணை அம்மாவின் அந்தப் பழைய படத்தை இணையத்தில் போட்டிருந்த அழைப்பிதழிலிருந்து எடுத்துவிட்டார். ஆனாலும் அது இன்னும் பலருடைய போன்களில் சுற்றுகிறது. தமிழ்க் கடையில் சிலர் அம்மாவோடு கதைப்பதில்லை. போன மாதம் ஒரு மனு அனுப்பினோம். அண்ணாவைப் பற்றி எந்தத் தகவலும் வரவில்லை.